உக்கிராண அறையில் பாரம் தாங்கும் தட்டுகளும் மேடைகளும்

அறுவடையான நெல்லைத் தூற்றி உலர்த்தி வீடு சேர்ப்பதில் நம் விவசாயிகள் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அதை எதன்மேல் வைப்பது என்னும் விஷயத்தில் காட்டுவதில்லை. முன்னாட்களில் அதற்கு அவசியமும் அதிகமாய் இருந்ததில்லை. பத்தாயமும் குதிரும் தரையின்மேல் தாமே நிற்பன. அவற்றின் பாரம் முழுவதும் நேரே பூமியில் இறங்கிற்று. தற்காலத்திலோ நெல்லின் பெரும்பகுதி களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்திற்கோ வியாபாரியிடமோ போய்விடுகிறது. வீட்டில் தங்குவன விதை, குடும்பச் செலவுக்கான அரிசி, பயறு வகைகள், எண்ணெய் டின்கள், உர மூட்டைகள், தெளிப்பான், பம்புசெட்டின் உதிரிச் சாமான்கள் முதலிய பலதரப்பட்ட பண்டங்கள். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவித்தால், அடியிலிருப்பதை எடுக்க மேலிருப்பது அனைத்தையும் புரட்டவேண்டும். ஆகவே தட்டுகள் அவசியமாகின்றன. கடைத்தெருவில் இரும்பு ராக்குகளுக்குக் குறைவில்லை. எதை விலைகொடுத்து வாங்குவது, எதைத் தச்சரைக் கொண்டு செய்வித்துக்கொள்வது, எந்தப் பண்டத்திற்குத் தட்டே கூடாது என்பவற்றை நிதானித்தறிய உதவும் விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

தட்டு முறிந்தால் நஷ்டம் தட்டின் விலையோடு நின்றுவிடுவதில்லை என்பதை முதலிற் சொல்லவேண்டும். ஒரு சாதி விதைநெல் சரிந்து மற்றொரு சாதியோடு கலந்தால், இரண்டும் விதையென்னும் தகுதியை இழந்து வெறும் நெல்லாகிவிடும். நாற்றங்கால் விடும் தருணத்தில் இது நேர்ந்தால் நல்ல விதைக்கு அலைவதற்குள் பருவம் பின்தள்ளிப்போம். உக்கிராண அறையில் பெண்டுகளும் சிறுவர்களும் அடிக்கடி நுழைந்து எடுப்பதும் வைப்பதுமாய் இருப்பார்கள். தலைக்குமேல் இருக்கும் 40 கிலோ மூட்டையானது, நன்றாய் நிற்கும்வரையில் மூட்டை, சரிந்தால் பாறாங்கல்.

பாரத்தை முதலில் நிறுத்தறிதல்

கடைக்குப் போகுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வைக்கப்போகும் பண்டங்களை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றின் எடையையும் அதற்கெதிரே குறிக்கவேண்டும். இதைச் செய்பவர் வெகு சிலரே. பெரும்பாலோர் இடத்தின் அளவை மட்டும் கோலால் அளந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் ராக்கை வாங்கிவந்து, கொண்டமட்டும் அடைத்துவிடுகிறார்கள்.

நெல் மூட்டையின் எடை இடத்திற்கிடம் மாறும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. கிராமங்களின் வழக்கில் 60 முதல் 75 கிலோ வரையிலும் உண்டு. யூரியா மூட்டை முன்னர் 50 கிலோவாக இருந்தது. 2018 முதல் 45 கிலோவாக வருகிறது. டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. மூட்டையாக இல்லாமல் பெட்டியிலோ டிரம்மிலோ இட்டுவைப்பவற்றிற்குக் கன அடிக் கணக்கு உதவும். ஒரு கன அடி நெல் சுமார் 16 கிலோ, அரிசியும் பயறும் சுமார் 22 கிலோ, எண்ணெய் சுமார் 26 கிலோ, தோலுடன் கூடிய நிலக்கடலை 7 அல்லது 8 கிலோ நிற்கும். ஆகவே கடலையைக் கொள்ளும் தட்டில் அதே அளவு அரிசியை ஏற்றினால் பாரம் ஏறக்குறைய மும்மடங்காகும். இதனை அறியாமல் பண்டத்தை மாற்றிவைப்பது பல தட்டுகளின் முறிவுக்குக் காரணம்.

பத்து ஏக்கர் நஞ்சை உள்ள ஒருவர் ஏக்கருக்கு 30 கிலோ வீதம் விதைநெல் வைத்தால் அதுவே 300 கிலோ. குடும்பத்திற்கு ஆறு மாதத்து அரிசி, உளுந்து, பயறு, நாலைந்து 15 கிலோ எண்ணெய் டின், இவற்றைக் கூட்டினால் 700 கிலோவுக்குக் குறையாது. இத்தனையும் ஒரே ராக்கில் ஏறவேண்டியதில்லை, ஏறவும் கூடாது.

கிராம நிர்வாக அலுவலர்களும் இக்கணக்கைத் தம் அலுவலகத்திற்குப் பார்த்துக்கொள்வது நலம். 1980-ல் கர்ணம், மணியம் முதலிய பதவிகள் எடுபட்ட பின்பும், கணினி வந்த பின்பும், காகிதத்தின் எடை மட்டும் குறைந்தபாடில்லை. முழுத்தாள் கட்டுகளை நெருக்கமாய் நிறுத்திவைத்தால் தட்டின் நீளத்தில் அடிக்குச் சுமார் 14 கிலோ ஆகும். நான்கடித் தட்டில் 56 கிலோ. அதாவது ஒரு மூட்டைக்கு மேல். பதிவேடுகள்தாமே என்று மெல்லிய தகட்டில் அடுக்குவோர் இதைக் கவனிப்பாராக.

மூட்டைக்கு மேடையே தகும்

எடைகளை எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும். பாரத்தில் பெரும்பங்கு நாலைந்து வகை மூட்டைகளே. அவற்றைத் தட்டில் ஏற்றாமல் தரைமேடையில் வைத்துவிட்டால், மிச்சமுள்ளவற்றிற்கு நடுத்தரமான ராக்கே போதும். செலவில் பாதி குறையும். தனி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் வெளியிட்ட பரிந்துரை ஆண்களைக் குறித்துச் சொல்லுகிறது. அதுவும் இடுப்புக்குமேல் ஏற்றுவதற்குச் சொன்னதன்று. மூட்டையை மார்பளவு உயரத்தில் ஏற்றும்படி வீட்டாரை வைப்பது நியாயமுமல்ல, சிக்கனமுமல்ல.

மேடைக்கு அதிக வேலைப்பாடு வேண்டாம். மூன்று அல்லது நான்கு கட்டைகளைக் கிடத்தி, அவற்றின் குறுக்கே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு ரீப்பர்களை ஆணியடித்தால் ஆயிற்று. தரையினின்று 6 அங்குலமாவது உயரம் வேண்டும்; அடியில் விளக்குமாறு நுழையவேண்டும் என்பதே அளவு. சுவரிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடி தள்ளிப் போடவேண்டும். இடம் வீணாகிறதே என்று இதற்கு மனம் வராதவர் பலர். மழைக்காலத்தில் சுவர் உறிஞ்சிய ஈரம் சாக்கின் வழியே நெல்லுக்கு ஏறுவதையும், சுவருக்கும் மூட்டைக்கும் இடையில் எலி வளை வைப்பதையும், கறையான் மண்பூச்சு ஏறுவதையும் ஒருங்கே தடுப்பது இந்த இரண்டடி இடமே. அறை மிகவும் குறுகலாயின் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவாவது விடவேண்டும்.

எலித்தொல்லை மிகுந்த வீடுகளில் மேடையின் கால்களை மூன்றடி உயரமாக்கி, ஒவ்வொரு காலிலும் தகரத்தால் கூம்பு செய்து கவிழ்த்து மாட்டுவது பழைய முறை, நல்ல முறையுங்கூட. ஆனால் கூம்பை மாட்டியபின் மேடைமீது ஒரு கயிற்றையோ துடைப்பத்தையோ சாய்த்துவைத்தால், எலிக்கு ஏணி வைத்துக் கொடுத்ததாகும். எறும்புக்காகக் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவோர் வாரம் ஒருமுறையாவது நீரை மாற்றவேண்டும். தவறினால் எறும்பு போய்க் கொசு வரும்.

பலகை ஏன் தொய்கிறது

இனி தட்டுகளைப் பற்றிச் சொல்லுவோம். ஒரு தட்டு எவ்வளவு தாங்கும் என்பது, அது எதனால் ஆனது என்பதைக் காட்டிலும், அதைத் தாங்கும் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தையே பெரிதும் பொறுத்தது. அடிக்கு இத்தனை கிலோவென்று ஒரே சீராய் ஏற்றிய தட்டில், அத்தூரம் இரட்டித்தால் தொய்வு இரட்டிப்பதில்லை, பதினாறு மடங்காகும். கனம் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காய்க் குறையும். இவ்விரண்டு கணக்கும் தெரிந்தவரைக் கடைக்காரர் எளிதில் ஏமாற்ற இயலாது.

ஓர் உதாரணம். ஓரடி அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள நல்ல தேக்குப் பலகை, நான்கடி இடைவெளியில் 100 கிலோவைப் பரவலாய்த் தாங்கும்போது ஏறக்குறைய கால் அங்குலம் தொய்யும். இது பொறுக்கத்தக்க எல்லை. தாங்கு தூரத்தில் இருநூற்றில் ஒரு பங்குக்குமேல் தொய்வு கூடாது என்பது பொறியியலார் கையாளும் ஒரு பிரமாணம். நான்கடிக்கு அது கால் அங்குலமே. அதே பலகையை ஆறடி இடைவெளியில் வைத்து, அதே வீதப்படி 150 கிலோ ஏற்றினால் ஓரங்குலத்திற்குமேல் தொய்ந்துவிடும். மூன்றடியாய்க் குறைத்தால் தொய்வு கண்ணுக்கே தெரியாது. ஆகவே நீளமான ஒரே தட்டைவிட நடுவில் ஒரு கால் கொடுத்த தட்டு எப்போதும் மேலானது. முக்கால் அங்குல ப்ளைவுட்டானால் மேற்சொன்ன தேக்கைக் காட்டிலும் மும்மடங்குக்குமேல் தொய்வு காணும். அதற்கு இரண்டடி அல்லது இரண்டரை அடிக்கொரு தாங்கல் கொடுக்கவேண்டும்.

இன்னொரு சங்கதி, தச்சர்களுக்குத் தெரிந்தும் செலவாளிகளுக்குத் தெரியாதது. மூன்றங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள ரீப்பர் ஒன்றைப் படுக்கவைக்காமல் விளிம்பின்மேல் நிமிர்த்தி, பலகையின் முன்னோரத்து அடியில் நெடுகப் பொருத்தினால், அந்த ஒரு ரீப்பரின் விறைப்பு மாத்திரமே ஓரடி அகலமுள்ள முழுப்பலகையின் விறைப்பைப்போல் இரண்டேகால் மடங்கு இருக்கும். முன்னும் பின்னும் இரண்டு ரீப்பர் கொடுத்தால் தொய்வு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துபோம். ஒன்றரை அங்குலப் பலகைக்கு ஆகும் விலையைக் கணக்கிட்டுப் பார்த்து, இந்த இரண்டு ரீப்பரின் விலையை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் ரீப்பரின் இரு முனைகளும் தாங்கலின்மேல் உட்காரவேண்டும். பலகையில் ஆணியால் தொங்கவிட்ட ரீப்பரால் பாதிப் பயனே உண்டு.

மரத்துக்கு இன்னொரு குணமுண்டு. பாரம் நெடுநாள் அதன்மேல் கிடந்தால், முதல் நாள் கண்ட தொய்வைப்போல் மற்றொரு மடங்குவரை நாளடைவில் கூடும். இதைச் சோதிப்பது எளிது. தட்டின் அடியில் இரு முனைகளுக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஏற்றிய அன்று நடுவில் உள்ள தொய்வை அளந்து சுவரில் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை பார்த்துவரவேண்டும். தொய்வு ஓரிடத்தில் நின்றுவிட்டால் பயமில்லை. மாதந்தோறும் வளர்ந்துகொண்டே போனால் பாரத்தை இறக்கிவிடுவதே உசிதம்.

கல், மரம், இரும்பு

நம் வீடுகளில் சுவருக்குள் பதித்த கடப்பைக் கல் தட்டுகள் ஏராளம். கறையானும் ஈரமும் அவற்றை ஒன்றும் செய்யா. கழுவுவது சுலபம். ஆயினும் கல்லின் சுபாவம் வேறு. மரம் முறியுமுன் தொய்ந்து முனகி எச்சரிக்கும். கல் ஓர் அறிகுறியும் காட்டாமல் இரண்டாய்ப் போகும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரங்குலக் கனமுள்ள கல்லின் சொந்த எடையே சுமார் 37 கிலோ என்பதையும் மறக்கலாகாது. பாத்திரங்களுக்கும் டப்பாக்களுக்கும் அது போதும். தானியமோ எண்ணெய் டின்னோ வைப்பதாயின் இரண்டரை அடிக்குமேல் தாங்கலின்றி விடுவது எமக்குச் சம்மதமில்லை. பாரத்தைத் தொப்பென்று போடுவதும் கூடாது. கல்லைச் சுவரில் நான்கங்குலமாவது உட்செலுத்திச் சிமெண்டால் பதித்திருக்கவேண்டும். மண்சுவரில் பதித்த கல்லைப் பாரத்திற்கு நம்புவதற்கில்லை.

மரத்தில் தேக்கும் வேங்கையும் சிறந்தன. வயிரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள் மேடைக்கும் பரணுக்கும் மிக உகந்தன. வேம்பு பூச்சிக்கு ஓரளவு நிற்கும். ப்ளைவுட் வாங்குவோர் அதில் பொறித்துள்ள இந்தியத் தர நிர்ணய எண்ணைப் பார்க்கவேண்டும். 303 என்பது சாதாரணத் தரம். 710 என்பது நீருக்குத் தாங்கும் தரம். உக்கிராண அறைக்குப் பின்னதே ஏற்றது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு பார்வைக்கு அழகாயிருந்தபோதிலும், ஈரம் பட்டால் ஊதி உதிரும். பாரத்திற்கு அது வேண்டவே வேண்டாம்.

துளைகளுள்ள எல் வடிவக் கோணச் சட்டங்களை மரையாணியால் முடுக்கி நிறுத்தும் இரும்பு ராக்குகளே இப்போது எங்கும் பரவியுள்ளன. 1947-ல் இங்கிலாந்தில் டெமிட்ரியஸ் கோமினோ என்பவர் தொழிலாக்கிய இம்முறையின் சிறப்பு, தட்டின் உயரத்தை நினைத்தபடி மாற்றலாம் என்பதே. அதன் அபாயமும் அதுவே. இதைப் பின்னர் விளக்குவோம்.

தகட்டின் கனத்தை வியாபாரிகள் கேஜ் எண்ணால் சொல்லுவார்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை அறியாதவர்கள், 22 கேஜ் 18 கேஜைவிட உயர்ந்தது என்று மயங்குவதுண்டு. 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. வர்ணம் பூசியபின் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் தராசு பொய் சொல்லாது. விளிம்பு மடிப்புகளையும் சேர்த்துத் தட்டின் தகடு எத்தனை சதுர அடியென்று அளந்து, தட்டைத் தனியே நிறுத்துப் பார்க்கவேண்டும். சதுர அடிக்கு 18 கேஜானால் ஏறக்குறைய 900 கிராமும், 20 கேஜானால் 670 கிராமும், 22 கேஜானால் 520 கிராமும் நிற்கும். வர்ணத்தால் சிறிது கூடலாமேயன்றிக் குறையாது. தானியத் தட்டுக்கு 18 கேஜும், அடியில் நடுவே ஒரு விறைப்புச் சட்டமும், கால்களுக்கு 14 கேஜும், அதாவது சுமார் 2 மில்லிமீட்டரும், கேட்டு வாங்குவது நலம். டப்பாக்களுக்கும் துணிக்கும் 22 கேஜ் போதும். அதற்கு வீணே செலவு செய்வானேன்?

“இந்த ராக் 500 கிலோ தாங்கும்” என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். அந்த 500 ஒரு தட்டுக்கா, ராக் முழுவதற்குமா? பரவலாய் ஏற்றினாலா, நடுவில் வைத்தாலா? ஒரே பாரத்தைப் பரவலாய் வைக்காமல் நடுவில் ஒருமித்து வைத்தால், தட்டை வளைக்கும் விசை இரட்டிக்கும். ஆகவே 100 கிலோவுக்குச் செய்த தட்டின் நடுவில் 50 கிலோ டிரம்மை நிறுத்துவதே அதன் முழு வரம்பாகும். விடையை விலைச்சீட்டில் எழுதித்தரச் சொன்னால், வாய்ப்பேச்சில் 500 ஆக இருந்தது காகிதத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்கிய எண்ணையே நம்பவேண்டும்.

நிறுத்தும் முறை

நல்ல ராக்கும் தப்பாய் நிறுத்தினால் வீழும். வீழ்வது பெரும்பாலும் கால் முறிந்தன்று, பக்கவாட்டில் ஆடி ஆடி மரையாணி தளர்ந்தே. பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் பெருக்கற்குறி போன்ற குறுக்குச் சட்டங்கள் இருக்கவேண்டும். சில கடைகளில் இவற்றைத் தனிவிலைக்குத் தருகிறார்கள். வேண்டாமென்று விடுவது தவறு. உயரம் ஆழத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்டால் சுவரோடு பிணைத்தே தீரவேண்டும். ஒன்றேகால் அடி ஆழமுள்ள ராக் ஐந்தடிக்குமேல் உயர்ந்தால் தனித்து நிற்கத்தக்கதன்று என்பது இதனால் பெறப்படும். கடைகளில் விற்கும் ஆறடி, ஏழடி ராக்குகளில் பல இவ்வரம்பைத் தாண்டியவையே.

முன்னர்ச் சொன்ன அபாயம் இது. பெரிய டிரம் ஒன்றை உள்ளே நுழைப்பதற்காக நடுத்தட்டைக் கழற்றிவிடுவது வழக்கம். அத்தட்டு பண்டத்தைத் தாங்கியதோடு, நான்கு கால்களையும் நடுவில் பிடித்துக்கொண்டும் இருந்தது. அதை எடுத்ததும், பிடிப்பில்லாமல் நிற்கும் காலின் நீளம் இரட்டித்துவிடுகிறது; மெல்லிய கால் நெளியாமல் தாங்கும் பாரமோ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. தட்டைக் கழற்ற நேர்ந்தால், அதே உயரத்தில் நான்கு பக்கமும் வெறும் சட்டங்களையாவது முடுக்கிவிடவேண்டும்.

600 கிலோ ஏற்றிய ராக்கில் ஒவ்வொரு காலும் 150 கிலோவைத் தரையில் இறக்குகிறது. கோணச் சட்டத்தின் முனை கத்தியைப்போல் மெல்லியது. மண் தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் அது இறங்கும், ஓட்டுத்தளத்தை உடைக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சாண் சதுரமுள்ள கல்லோ இரும்புத் தகடோ வைத்து, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு நிறுத்தவேண்டும். ஒரு கால் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் உச்சியில் சாய்வு அதனினும் பன்மடங்காய்த் தெரியும்.

மாடி அறையில் தானிய ராக் வைக்க எண்ணுபவர்கள் நிதானிக்கவேண்டும். குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மேற்பாரத்திற்கே சாதாரணமாய்க் கணக்கிடப்படுகிறது. சதுர அடிக்கு 19 கிலோகூட இல்லை. மூன்றடிக்கு ஒன்றரை அடியுள்ள ராக்கில் 600 கிலோ ஏறினால் அதன் அடியில் சதுர அடிக்கு 130 கிலோவுக்குமேல் ஆகிறது. சுவரை ஒட்டிய இடம் நடுத்தளத்தைவிடப் பத்திரமென்றாலும், கனமான பண்டங்களைக் கீழ்க்கட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

எந்தத் தட்டில் எது

கனமானது கீழே, இலேசானது மேலே என்பது யாவரும் அறிந்தது. விதைக்கு மட்டும் இது போதாது. அதற்கு வெப்பமும் ஈரமும் கணக்கு. விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும், இடத்தின் வெப்பம் 5 டிகிரி சென்டிகிரேடு குறைந்தாலும், அதன் ஆயுள் இரட்டிக்கும் என்று விதை நிபுணர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு, தோராயமானதாயினும், அனுபவத்திற்கு ஒத்தது. தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அடியிலுள்ள பரணில் கோடையில் நிற்கவே முடியாது. தரைமட்ட அறையைவிடப் பத்து டிகிரி மிகுந்த அவ்விடத்தில் விதையை வைத்தால், கணக்குப்படி அதன் ஆயுள் நாலில் ஒரு பங்காய்விடும். பரண் உலர்ந்த இடமாயிற்றே என்று பலர் விதையை அங்கேதான் ஏற்றுகிறார்கள். நெல்லை 13 சதவீதத்திற்குள்ளும், பயறு, நிலக்கடலை விதைகளை 9 சதவீதத்திற்குள்ளும் உலர்த்தி, குளிர்ந்த அறையில் இடுப்பளவுத் தட்டில் வைப்பதே சரி. பரணில் காலிச் சாக்குகளும் கூடைகளும் இருக்கட்டும்.

உரம் விதையோடு ஓரறையில் இருத்தலாகாது. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்து நீர்க்கும். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு உப்பு இரும்பை அரிக்கும். இவற்றை இரும்பு ராக்கில் வைத்தால் இரண்டு மழைக்காலத்திலேயே கால்கள் துருவேறும். மரமேடையே அவற்றிற்கு இடம்.

பூச்சிமருந்து, களைக்கொல்லிகளைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாய் எழுதுகிறோம். அவை இருக்கும் அலமாரி குடியிருக்கும் வீட்டுக்குப் புறம்பாகவும், பூட்டுள்ளதாகவும் இருத்தல்வேண்டும். அதனுள்ளும் தூள் மருந்து மேல்தட்டிலும், திரவ மருந்து கீழ்த்தட்டிலும் வைக்கவேண்டும். புட்டி கசிந்தால் தூளின்மேல் வடியாதிருக்கும். தட்டுக்கு விளிம்பு உயர்ந்த தகரத் தாம்பாளம் ஒன்று அவசியம். 2,4-டி போன்ற களைக்கொல்லிகளின் ஆவி பக்கத்திலுள்ள விதையின் முளைப்பைக் கெடுக்க வல்லது. சிவப்பு முக்கோணம் அச்சிட்ட புட்டியை அடுக்களைத் தட்டில் அரிசிப்பானைக்கு மேலே வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன என்பதைக் கிராம அதிகாரிகள் அறிவார்கள். போகும் வழியில் ஒரு வார்த்தை சொல்லிவரலாம்.

கடலோர ஜில்லாக்களிலும் ஆற்றங்கரைக் கிராமங்களிலும் கீழ்த்தட்டின் உயரத்தை வெள்ளமே நிர்ணயிக்கவேண்டும். 2011 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் வந்த தானே புயலையும், 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலையும் கண்ட இடங்களில், தண்ணீர் மேலிருந்தும் கீழிருந்தும் வரக்கூடும் என்பதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கிராம அலுவலகச் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ நீர் ஏறிய மட்டத்தை வர்ணத்தால் குறித்துவைத்திருந்தால், தத்தம் வீட்டில் எந்த உயரத்தில் விதைத்தட்டு அமையவேண்டும் என்பதை யாவரும் அறிந்துகொள்ளலாம். அந்த மட்டத்திற்கு ஓரடி மேலே விதை இருக்கட்டும். கூரை பறந்தாலும் நனையாதிருக்க, வாய் இறுக மூடிய பிளாஸ்டிக் டிரம்மிலோ, உள்ளே பாலிதீன் பையிட்ட சாக்கிலோ நன்றாய் உலர்ந்த விதையை மட்டும் அடைக்கவேண்டும். ஈர விதையை அப்படி அடைத்தால் வெள்ளம் வராமலே கெடும்.

ராக்கை நிறுத்தியபின், ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் அது தாங்கவல்ல எடையை வர்ணத்தால் பெரிதாய் எழுதிவைக்கவேண்டும். வாங்கியவர் ஊரில் இல்லாத நாளில் மூட்டை ஏற்றுகிறவர் வேறொருவராயிருப்பார். முதன்முறை ஏற்றும்போது கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி, பாதிப் பாரத்தோடு ஓரிரவு விட்டு, காலையில் மரையாணிகளை மறுபடி முடுக்கி, பின்பு மிச்சத்தை ஏற்றலாம். இறக்கும்போது மேலிருந்து தொடங்கவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், தை அறுவடைக்கு முன் ஒருமுறையும் மரையாணி, துரு, கறையான் பூச்சு, நூலளவு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டால், அதற்கு அரை நாளுக்குமேல் ஆகாது.